அண்ணி எடுத்தால் மட்டும் பின்னால் போகும் வண்டி

என் அண்ணிக்கு எதையும் ஏன் என்று கேட்காமல் இருக்க முடியாது. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரமே, ஃப்ரிட்ஜ் ஏன் விட்டு விட்டு உறுமுகிறது என்று கேட்டார். "அது அப்படித்தான்" என்றான் என் அண்ணன். அண்ணி ஃப்ரிட்ஜை முன்னால் இழுத்துப் போட்டு, அதன் முதுகுப் பக்கம் தரையில் உட்கார்ந்துகொண்டு, அது உறுமுவதையும் அடங்குவதையும் ஒரு மத்தியானம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் எதையும் எதற்கு என்று கேட்டதில்லை. இவர் நமக்கு ஒத்துவருவாரா என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

எங்களுடையது மொத்த முட்டைக் கடை. முன்னறையில் அட்டை அட்டையாகக் கூரை வரைக்கும் முட்டை. உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. அங்கே மேஜைமேல் ஒரு விளக்குப் பெட்டி. அதன் துளைமேல் முட்டையை வைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும், கண்ணுக்கு அகப்படாத விரிசலும் தெரியும். அந்த வேலை என்னுடையது. கல்யாணம் எனக்குச் சரிப்படவில்லை. இரண்டே வருஷத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். அன்றிலிருந்து காலை முழுக்க இருட்டில் உட்கார்ந்து முட்டைக்குள் குறை தேடுகிறேன். அந்தப் பழக்கத்தை மனிதர்களிடமும் காட்டுகிறேன் என்று அண்ணன் சொல்வான். சட்டென்று வெடிப்பதால் அண்ணி எனக்கு வைத்த பெயர் கடுகு. கடைக்கு வருகிறவர்களுக்கும் இப்போது நான் கடுகுதான்.

வண்டி ஓட்டுவது அண்ணி. அண்ணனுக்கு வண்டியில் ஏறினாலே குமட்டும், அவனே ஓட்டினாலும் சரி. ஒருநாள் பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டு ஓரமாகக் குனிந்து நின்றவனைப் பார்த்து, "நகருங்க, நான் ஓட்டிப் பாக்குறேன்" என்று அண்ணி சொன்னாராம். அப்புறம் அவன் அந்த இருக்கையில் உட்காரவே இல்லை. பழைய வண்டியை அண்ணி வருஷக்கணக்கில் ஓட்டினார். கடைகளுக்கு முட்டை போடும் அந்த லைன்தான் அவருக்கு உலகம். பேக்கரிக்காரரிடம் ரொட்டி ஏன் நடுவில் மட்டும் வெடிக்கிறது என்று கேட்பார். தையல்காரரிடம் கறுப்பு நூல் ஏன் சீக்கிரம் அறுகிறது என்று கேட்பார். சாயங்காலம் திரும்பி வந்து, எனக்கு வேண்டுமோ வேண்டாமோ, எல்லாப் பதிலையும் என் காதில் கொட்டுவார்.

போன வருஷம் அண்ணியின் இடது முழங்கால் மக்கர் பண்ணியது. இனிமேல் கிளட்ச் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் அண்ணி உள்ளறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து முட்டை பார்த்தார். அந்த நாட்களில் ஒரே ஒரு ஏன் கூட அவர் வாயிலிருந்து வரவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. அண்ணனுக்கும் பயமாகியிருக்க வேண்டும், பழைய வண்டியைத் தள்ளிவிட்டு, ஒருவர் வைத்திருந்த ஆட்டோமேட்டிக் பிக்கப் ஒன்றைப் பேசி முடித்துக்கொண்டு வந்தான்.

"கிளட்ச்சே கிடையாதும்மா. இடது காலுக்கு இனிமே முழு ஓய்வு" என்றார் விற்க வந்த தரகர். "ஏத்தத்துல நிறுத்தி எடுத்தாலும் பின்னாடி உருளாது. அதுவே பிடிச்சுக்கும்."

"எப்படிப் பிடிச்சுக்கும்?" என்றார் அண்ணி.

"ஆட்டோமேட்டிக்ங்க" என்றார் தரகர், அதுவே பதில் என்பதுபோல. சீட் பெல்ட், கதவு, எதற்கெடுத்தாலும் கீக் கீக்கென்று கத்துகிற வண்டியாம் அது. தொல்லை தாங்காமல் முதலில் வைத்திருந்தவர் அந்தச் சத்தத்தைப் பிடுங்கிவிட்டாராம். அதையும் ஒரு வசதியாகவே தரகர் சொன்னார்.

எங்கள் லைனில் ஒரு தெருவுக்குப் பள்ளிக்கூட ஏற்றம் என்று பெயர். நடந்து ஏறினாலே மூச்சு வாங்கும். ஏற்றத்தின் நடுவில் பேக்கரி, அதற்குக் கொஞ்சம் மேலே மளிகைக் கடை, உச்சியில் பள்ளிக்கூடம். செவ்வாயும் வெள்ளியும் பெரிய சுமை போகும் நாள். அன்றைக்கு இறக்கி வைக்க நானும் போவேன். மற்ற நாட்களில் நாலைந்து அட்டைதான். அவற்றை அண்ணி பக்கத்து இருக்கையில் அடுக்கிக்கொண்டு போவார், பேக்கரிக்காரர் ஜன்னல் வழியாகவே வாங்கிக்கொள்வார். பெரிய நாட்களில் நான் பின்னால், அட்டைகளோடு. முன்னால் காலியாகத்தான் இருக்கும். ஆனால் முன்னால் உட்கார்ந்தால் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், அதற்கு முட்டைகளே தேவலை. பேக்கரி முன்னால் அண்ணி பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருப்பார். நான் அட்டைகளை இறக்கிக் கொடுத்து, பின்கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டி, வண்டியின் உடம்பில் இரண்டு தட்டு தட்டுவேன். அவர் தலையை நீட்டி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியை எடுப்பார். நான் மளிகைக் கடைக்கு நடந்தே போய்விடுவேன்.

புது வண்டியில் போன முதல் செவ்வாய்க்கிழமை நான் தட்டினேன். வண்டி என்னை நோக்கி வந்தது. வேகமாக இல்லை, அரைக் கை நீளம் உருண்டு, அப்புறம் உறுமிக்கொண்டு மேலே ஏறியது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். உள்ளே ஓர் அட்டை சரிந்து, கொக்கிக்குக் கீழே மஞ்சளாக ஒழுகியது.

"பின்னாடி உருளாதுன்னு சொன்னாரே!" என்று மேலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. கோபம் கொஞ்சமும் இல்லை அதில். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த குரல் அது.

வெள்ளிக்கிழமையும் உருண்டது. அடுத்த செவ்வாயும். வண்டியை நெட்டை மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். பட்டறைக் கதவிலேயே குனிந்துதான் நுழைவார் அவர். பழைய வண்டியை வருஷக்கணக்கில் பார்த்தவர், அண்ணியின் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிற ஒரே ஆள்.

"லேசான ஏத்தம்னா இஞ்சின் தள்ளுற தள்ளே வண்டிய நிறுத்தி வச்சிரும்" என்று அவர் விளக்கினார். "செங்குத்தா இருந்து சுமையும் இருந்தா அது பத்தாது. அதுக்குத்தான் இதுல ஒண்ணு வச்சிருக்கான். நீங்க பிரேக்லேர்ந்து கால எடுத்ததும் ரெண்டு நொடி வண்டியே பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். அதுக்குள்ள ஆக்சிலேட்டர மிதிச்சிட்டா மேல போயிரும்."

"அப்போ எனக்கு ஏன் பிடிக்கல?"

"ஓட்டிப் பாத்துருவோம்" என்றார். முழுச் சுமையோடு அவரே பள்ளிக்கூட ஏற்றத்தில் ஏறி, பேக்கரி முன்னால் நிறுத்தி, எடுத்தார். ஓர் அங்குலம் பின்னால் வரவில்லை. மறுபடி மறுபடி எடுத்தார். மலைப்பாறை மாதிரி நின்று, மேலே போனது. இறங்கி வந்து தலையைச் சொறிந்தார்.

"வண்டில ஒண்ணும் இல்லைங்க."

வண்டியில் ஒன்றும் இல்லை என்றால் வேறு எதில் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. பேக்கரி வாசலில் நின்றவர்கள் எல்லாரும் சொன்னார்கள். பயந்து பயந்து எடுக்கிறார், வயசாகிறது, பெண்பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு பெரிய வண்டி. எனக்கு இப்படி எல்லாம் தெரிந்தவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். உங்கள் வீட்டுக்கு முட்டை எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டு வந்தேன். ஹேண்ட் பிரேக் போட்டு எடுக்கச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னார். இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக்கும் காலில்தான் இருக்கிறது, அதுவும் இடது காலில். அதை ஒருதரம் அழுத்திப் பார்த்துவிட்டு அண்ணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வண்டி நிற்காமல் பின்னால் உருண்டு வந்தது. அண்ணி மறுபடி பிரேக்கை மிதிப்பதற்குள் கீழே நிறுத்தியிருந்த ஸ்கூட்டர் ஒன்றை இடித்து, அதன் முன்விளக்கு நொறுங்கியது. ஸ்கூட்டரில் ஆள் இல்லை. ஆனால் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் அது. பிள்ளைகள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அண்ணி எல்லாவற்றையும் அண்ணனிடம் சொன்னார்.

அண்ணன் சத்தம் போடவில்லை. "செவ்வாய்க்கிழமையிலேர்ந்து டிரைவர் வரட்டும். நீ கடையைப் பாத்துக்கோ" என்றான்.

"உள்ளறையிலயா?"

"என்ன கெட்டுப்போச்சு இப்போ? கடுகு உக்காரலையா?"

அண்ணி என்னைப் பார்த்தார். என்னைப் புண்படுத்தாமல் அதற்கு என்ன பதில் சொல்வது என்று தேடுகிறார் என்பது தெரிந்தது. எனக்கு அந்த இருட்டு பழகிவிட்டது. அவரை அதில் உட்கார வைத்தால் அவர் அவராக இருக்கமாட்டார். அதை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

"செவ்வாய்க்குள்ள ஏன்னு கண்டுபிடிச்சிட்டா?" என்று கேட்டார்.

"கண்டுபிடிச்சு, உருளாம எடுத்துக் காட்டினா நீயே ஓட்டு. எனக்கு என்ன, டிரைவருக்குச் சோறு போட ஆசையா?"

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட ஏற்றம் வெறிச்சென்று இருந்தது. நானும் அண்ணியும் போனோம். அவர் சாக்கட்டியால் டயரிலும் அதற்கு நேராகத் தரையிலும் கோடு போட்டார். கீழே போய்விடாமல் இருக்க நான் ஒரு கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றேன். முதலில் சுமையைச் சந்தேகப்பட்டார். மூட்டைகளை ஏற்றி எடுத்தோம், உருண்டது. எல்லாவற்றையும் இறக்கிவிட்டு எடுத்தோம், கொஞ்சம் மெதுவாக, ஆனாலும் உருண்டது. செருப்பைக் கழற்றிப் பார்த்தார். ஏசியை நிறுத்திப் பார்த்தார். இருக்கையை முன்னால் தள்ளிப் பார்த்தார். நான் கட்டையைப் போட்டுப் போட்டு இடுப்பு விட்டுப்போனது.

"ஒரு விஷயம் கவனிச்சியா கடுகு? நீ வராத நாள்ல ஒரு தடவைகூட உருளல" என்றார்.

"அன்னிக்கெல்லாம் சுமை கம்மி."

"இப்போ சுமையே இல்லையே. அப்பவும் உருளுதே."

"அப்போ என் ராசிதான் சரியில்லன்னு சொல்றீங்களா?" எனக்குச் சுர்ரென்று ஏறியது. பெட்டியோடு திரும்பி வந்தவளுக்கு இந்த மாதிரிப் பேச்சு புதிதில்லை. ஆனால் இதுவரை அண்ணி வாயிலிருந்து வந்ததில்லை.

"ராசியாவது மண்ணாவது! நீ போய் அங்க, வண்டிக்கு முன்னாடி, பேக்கரி படியில உக்காரு."

கட்டையை டயருக்குப் பின்னால் ஒரு முழம் விட்டுப் போட்டுவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அண்ணி எடுத்தார். வண்டி நின்றது. நின்று, மேலே போனது. கட்டையைத் தொடவே இல்லை.

மறுபடி நான் பின்னால் போய் நின்றேன், உருண்டது. முன்னால் வந்து உட்கார்ந்தேன், உருளவில்லை. ஓர் இரும்பு வண்டிக்கு நான் எங்கே நிற்கிறேன் என்று எப்படித் தெரியும்? எனக்கு முதுகு சில்லென்றது. அண்ணிக்கோ கண் மின்னியது. கால் வலியைக்கூட மறந்துவிட்டார்.

"இன்னொரு தடவை பின்னாடி போ."

போனேன், தட்டினேன். வழக்கம்போல் அவர் தலை வெளியே வந்தது. எனக்கு அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது வெடித்துவிட்டது.

"எதுக்கு ஒவ்வொரு தடவையும் எட்டி எட்டிப் பாக்குறீங்க? கொக்கி மாட்டத் தெரியாதா எனக்கு? முட்டைய ஒடச்சிருவேன்னா, இல்ல தின்னுருவேன்னா?"

வண்டி கட்டையில் முட்டி நின்றது. அண்ணி மெதுவாகக் கேட்டார், "நான் எட்டிப் பாத்தேனா?"

"பாக்காம? கதவைத் திறந்து தலைய நீட்டித்தானே எடுக்குறீங்க. இன்னிக்கு நேத்தா?"

"கதவைத் திறந்தேனா?"

அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. பழைய வண்டியில் வருஷக்கணக்காகச் செய்தது அது. கண் இமைப்பது மாதிரி ஆகிவிட்டிருந்தது. அண்ணி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பேக்கரி படியில் உட்கார வைத்துவிட்டு, வேண்டுமென்றே கதவைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துக்கொண்டு எடுத்தார். நான் பின்னால் இல்லாமலே வண்டி உருண்டது. கதவை அறைந்து சாத்திவிட்டு எடுத்தார். நின்றது. அண்ணி ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, என் ராசி தப்பித்த சந்தோஷத்தில்.

நெட்டை மெக்கானிக்குக்குப் போன் போட்டோம். அவர் அடித்துப் பிடித்து ஓடி வந்தார், கதவைத் திறந்து தானே ஓட்டிப் பார்த்தார், உருண்டதும் எங்களைவிடச் சத்தமாகக் கத்தினார். "கதவு திறந்திருந்தா ஆள் இறங்குறாருன்னு நினைச்சு அது பிடிக்கவே பிடிக்காதுங்க! அந்தக் கீக் கீக் சத்தம் இருந்திருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும். நான் கதவைச் சாத்திட்டு ஓட்டினேன், எனக்கு எப்படித் தெரியும்?" சத்தத்தைத் திரும்ப மாட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். நான் பின்னால் போய் நின்று தட்டினேன். கதவு திறந்தது, வண்டி உருண்டது.

"ஐயோ" என்றார் அண்ணி. "கை தானாப் போகுது."

மறுபடி. மறுபடியும் கை போனது. கதவுப் பிடியைக் கயிற்றால் கட்டினேன். அப்போது கை போகவில்லை, ஆனால் பிரேக்கிலிருந்து கால் எழும்பவில்லை. வண்டி ஏற்றத்தின் நடுவில் உறுமிக்கொண்டு அப்படியே நின்றது. நான் கட்டையோடு முன்னால் வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அண்ணிக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"காரணம் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? செவ்வாய்க்கிழமை டிரைவர் வந்துருவான்" என்றார். அப்படி ஒரு சோர்வை அவர் குரலில் நான் கேட்டதில்லை.

"அப்படி என்னதான் பாக்குறீங்க அங்க?"

"உன்னைத்தான்."

"என்னையா?"

"பின்ன? பழைய வண்டி எடுக்கும்போதெல்லாம் ஒரு சாணாவது பின்னாடி வரும். நீ கொக்கிய மாட்டிட்டு அங்கயே நிப்ப. கண்ணாடில உன் தலைகூடத் தெரியாது, பின்னாடி இருக்குற கூண்டு மறைக்கும். நீ விலகிட்டியான்னு பாக்காம நான் எப்படிடி கால எடுப்பேன்?"

இத்தனை வருஷமும் என்னைக் கண்காணிக்கத்தான் அந்தத் தலை வெளியே வருகிறது என்று நினைத்திருந்தேன். திரும்பி வந்தவளைக் குடும்பத்தில் எல்லாரும் ஒரு கண் வைத்துப் பார்ப்பார்கள், இவரும் பார்க்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். விளக்கு வைத்து முட்டைக்குள் பார்க்கத் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை. கட்டை கனக்கிறது என்று சொல்லி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை புது டிரைவர் கடையில் வந்து உட்கார்ந்துவிட்டார். எங்களோடு அண்ணனும் வந்தான். பாதி தூரத்திலேயே முகம் வெளுத்து, ஏற்றத்தின் அடியில் இறங்கி, பிள்ளைகளை ஓரமாகப் போகச் சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டு நின்றான். பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரம். பேக்கரி வாசலில் எல்லாம் தெரிந்தவர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள்.

நான் அட்டைகளை இறக்கிக் கொடுத்தேன். பின்கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினேன். தட்டவில்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு, முன்கண்ணாடி வழியாக அண்ணிக்கு என்னைத் தெரிகிற மாதிரி முன்பக்கமாக நடந்து வந்து, பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, என் கதவைச் சாத்தினேன். அண்ணி இரண்டு பக்கக் கண்ணாடியிலும் பார்த்தார். பின்னால் தெரு காலியாக இருந்தது. ஆனாலும் அவர் கை கதவுப் பிடிக்குப் போய்விட்டது.

"அண்ணி" என்றேன். "நான் இங்க இருக்கேன். பின்னாடி இல்ல."

அவர் என் பக்கம் திரும்பி, ஆளை நன்றாகப் பார்த்துக்கொண்டார். கை பிடியை விட்டது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். வண்டி அசையாமல் நின்றது. அப்புறம் மேலே போனது.

மளிகைக் கடை கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே இறங்கி அட்டைகளைக் கொடுத்துவிட்டு, மறுபடியும் முன்னாலேயே வந்து ஏறிக்கொண்டேன்.